ரயில்வேயைக் கேள்வி கேட்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

வைகைப்பயணி எழுதியது:

பாம்பன் புதிய பாலத்தைப் பற்றி ரயில்வே பாதுகாப்பு ஆணையர் 2024 நவம்பரில் கொடுத்த அறிக்கை செய்தித்தாள்களில் வந்தபோதுதான், இப்படி ஒரு ஆணையர் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது. கட்டியவர்கள் பாலம் தயார் என்கிறார்கள். ஆணையர் நேரில் பார்த்துவிட்டு, ரயில்வேயின் சொந்த ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓவை ஒதுக்கிவிட்டு வடிவமைப்பு நடந்திருக்கிறது, திட்டமிடலிலேயே குறை இருக்கிறது, அரிப்பைத் தடுக்கும் ஏற்பாடு போதாது என்று எழுதுகிறார். ஆனாலும் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 என்ற வேகக் கட்டுப்பாட்டோடு அனுமதியும் தருகிறார். ரயில்வே ஒரு குழு அமைத்தது. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்பட்டது.

எனக்கு இதில் தெளிய வேண்டியவை சில. இந்த ஆணையர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்? அவர் குறை என்று எழுதியது சரிசெய்யப்பட்டதா என்று பிறகு யார் பார்க்கிறார்கள்? ராமேஸ்வரம் பக்கம் அடிக்கடி போகிறவன் என்பதால் கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சட்டப்புத்தகம் எழுதியது:

நல்ல கேள்வி. பலர் நினைப்பதற்கு மாறாக, அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழே இல்லை. ரயில்வே பாதுகாப்பு ஆணையம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. தலைமை ஆணையரின் அலுவலகம் லக்னோவில். நாடு முழுவதும் ஒன்பது வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு ஆணையர். தெற்கு வட்டத்தின் அலுவலகம் பெங்களூரு.

ஏன் விமானத் துறை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1905ல் ரயில்வே வாரியம் வந்த பிறகு, பாதையைப் பரிசோதிக்கும் ஆய்வாளர்களும் வாரியத்துக்குக் கீழே போனார்கள். ரயிலை ஓட்டும் அமைப்பே தன்னைப் பரிசோதிப்பவரின் சம்பளத்தையும் பதவி உயர்வையும் தீர்மானித்தது. அது சரியில்லை என்று 1939ல் பசிபிக் லோகோமோட்டிவ் குழு சொன்னது. பிரிட்டனின் தலைமை ரயில்வே ஆய்வாளராக இருந்த மவுன்ட் தலைமையிலான குழு அது. 1941 மே மாதம் ஆய்வாளர்கள் வாரியத்திலிருந்து பிரிக்கப்பட்டு, தபாலையும் விமானத்தையும் கவனித்த துறையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். 1961ல் இப்போதைய பெயர் வந்தது. 1967ல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு மாறினார்கள். வெள்ளைக்காரர் காலத்திலேயே புரிந்துகொண்ட விஷயம் இது.

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி இவர்களுக்கு இரண்டு பெரிய வேலைகள். பயணிகளுக்காகப் புதிய பாதை திறக்கும் முன் பரிசோதித்து அறிக்கை தருவது ஒன்று. பாம்பனில் நடந்தது அதுதான். உயிர்ச்சேதம் ஏற்படும் கடுமையான விபத்துகளை விசாரிப்பது இன்னொன்று, பிரிவு 114.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். விபத்துக்குப் பிறகு ஆணையர் தரும் பரிந்துரை ரயில்வேயைக் கட்டுப்படுத்தாது. ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஏற்றதை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

எதிர்க்கேள்வி எழுதியது:

எல்லோரும் இதற்கு இன்னொரு ஆணையம் கேட்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. ஏற்கெனவே எத்தனை பேர் கண்காணிக்கிறார்கள் என்று பாருங்கள். நாடாளுமன்றத்தில் ரயில்வேக்கென்றே நிலைக்குழு இருக்கிறது. பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. அரசுக் கணக்குகளைப் பார்க்கும் தலைமைத் தணிக்கையாளரான சிஏஜி தணிக்கை செய்கிறார். நீதிமன்றம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு அமைச்சர் இருக்கிறார்.

1956 நவம்பரில் அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவரை எந்த ஒழுங்குமுறை ஆணையமும் விலகச் சொல்லவில்லை. மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற உணர்வு போதுமானதாக இருந்தது. புதிய ஆணையம் அமைத்தால் அதன் நாற்காலிகளில் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரிகள்தான் வந்து உட்காருவார்கள். பொறுப்பு இன்னும் ஒரு அடி தள்ளிப்போகும். அமைச்சரைக் கேட்டால் ஆணையத்தைக் கேளுங்கள் என்பார்.

பழைய சிக்னல்காரர் எழுதியது:

தம்பி சொல்வதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். சாஸ்திரி விலகியது பெரிய விஷயம். ஆனால் ஒரு பாலத்தின் அடித்தளம் அரிக்கிறதா என்பது அமைச்சர் விலகுவதால் தெரிந்துவிடாது. நான் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். உள்ளே எப்படி நடக்கும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்டேஷனில் ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் பாயின்ட்டின் மோட்டாரிலோ லெவல் கிராசிங் கேட்டிலோ வேலை செய்ய வேண்டும் என்றால், முதலில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிஸ்கனெக்ஷன் மெமோ கொடுக்க வேண்டும். அதாவது, இந்தக் கருவியை இணைப்பிலிருந்து எடுக்கிறோம், இதை நம்பி சிக்னல் கொடுக்காதீர்கள் என்று எழுத்தில் சொல்வது. வேலை முடிந்து சோதனை செய்த பிறகு ரீகனெக்ஷன் மெமோ. இந்த இரண்டு காகிதத்துக்கும் நடுவில் இருக்கும் நேரத்தில் ரயில்கள் மெதுவாகத்தான் போகும், தாமதமாகும். தாமதம் ஆனால், ரயில் ஓட்டத்தைக் கவனிக்கும் கன்ட்ரோல் அறையிலிருந்து போன் வரும். ரயில் நேரத்துக்குப் போகிறதா என்று கேட்பதும் டிவிஷன்தான், பராமரிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்பதும் அதே டிவிஷன்தான். நேரம் தவறினால் அன்றைக்கே தெரிகிறது. பராமரிப்பு தவறினால் எப்போது தெரியும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் மனிதர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று நீங்களே யோசியுங்கள். நல்லவன் கெட்டவன் என்ற பேச்சே இதில் வராது.

இப்போது பாலசோரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூன் 2, பாஹாநகா பஜார் ஸ்டேஷன். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு மெயின் லைனில் போகப் பச்சை விழுந்திருக்கிறது. ஆனால் பாயின்ட், ரயில்களை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடமான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதி, தடம் புரண்ட பெட்டிகள் மீது பெங்களூரு–ஹவுரா ரயில் மோதி, 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் அந்த ரயிலில் வந்துபோகிறவர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஆணையர் விசாரித்துச் சொன்னது என்ன? அந்த ஸ்டேஷனின் வடக்கு கூம்டியில், அதாவது சிக்னல் கருவிகள் இருக்கும் சிறு அறையில், பல ஆண்டுகளுக்கு முன் செய்த சர்க்யூட் மாற்றத்தில் தவறு. விபத்து நடந்த அன்று 94ஆம் எண் லெவல் கிராசிங்கில் மின்சாரத்தில் இயங்கும் கேட் தடுப்பை மாற்றும் வேலையில் மறுபடி தவறு. இது மட்டும் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அதே கரக்பூர் டிவிஷனில் பாங்க்ரா நயாபாஸ் ஸ்டேஷனில் 2022 மே 16 அன்று, வயரிங் தவறால் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. அன்று யாரும் சாகவில்லை. அப்போதே எல்லா இடத்திலும் சரிபார்த்திருந்தால் பாலசோர் நடந்திருக்காது என்றும் அறிக்கை சொல்கிறது. ஓராண்டு அவகாசம் கிடைத்திருக்கிறது. அந்த எச்சரிக்கையைப் பிடித்துக்கொண்டு, எல்லா ஸ்டேஷனிலும் பார்த்தாயா, காகிதத்தைக் காட்டு என்று கேட்க வெளியில் யாரும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கோ அடுத்த நாள் ரயில் நேரத்துக்குப் போக வேண்டும்.

யாரும் சாகாத தவறுகளைத்தான் வெளியாள் பார்க்க வேண்டும் என்பேன். உயிர் போன பிறகு எல்லோரும்தான் வருகிறார்கள்.

ஓட்டுநர் அறை எழுதியது:

ஐயா எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 17, ரங்கபாணி அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. சரக்கு ரயிலின் லோகோ பைலட்டும் இறந்துபோனார். அன்றைக்கே, அவர் சிக்னலை மதிக்கவில்லை என்று வாரியத்தின் தரப்பில் சொல்லிவிட்டார்கள். இறந்தவர் பதில் சொல்ல முடியாது.

ஆணையர் விசாரித்தபோது வேறு படம் வந்தது. அன்று காலையிலிருந்தே அந்தப் பகுதியில் தானியங்கி சிக்னல் பழுது. ரயில்களுக்குக் காகிதத்தில் அனுமதி எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எந்த வேகத்தில் போக வேண்டும் என்று அந்தக் காகிதத்தில் இல்லை. ஒவ்வொரு ஓட்டுநரும் தனக்குப் புரிந்தபடி போயிருக்கிறார். இது எப்போது வேண்டுமானாலும் நடக்கக் காத்திருந்த விபத்து என்று ஆணையர் எழுதினார். வெளியாள் விசாரிக்கவில்லை என்றால் அந்த மனிதர் மேல் பழி அப்படியே நின்றிருக்கும். அவர் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் ஓய்வு நேரமும் பாதுகாப்பு விஷயம்தான். பணி முடிந்து தலைமையிடத்தில் கிடைக்கும் 16 மணி நேர ஓய்வோடு 30 மணி நேர வார ஓய்வும் சேர்ந்து 46 மணி நேரம் வேண்டும், தொடர்ச்சியாக இரண்டு இரவுகளுக்கு மேல் வேலை கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதைத் தொழிற்சங்கக் கோரிக்கை என்ற கோப்பில்தான் வைக்கிறார்கள். தூக்கம் கெட்டவன் கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர் இருக்கிறது என்று பார்க்க ஒரு ஆளில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சிஏஜி இருக்கிறாரே என்று மேலே ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறார், ஒழுங்காகவும் வேலை செய்திருக்கிறார். தடம் புரளுதல் பற்றிய 2022ஆம் ஆண்டின் 22ஆம் எண் அறிக்கையை நேரம் கிடைத்தால் வாசியுங்கள். 2017-18 முதல் 2020-21 வரை நடந்தவற்றில் 1,129 விசாரணை அறிக்கைகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பொறியியல் பிரிவின் மேல் விழுந்தவை 422. அதில் 171 தண்டவாளப் பராமரிப்புக் குறையால். தண்டவாளத்தின் நிலையைப் பதிவு செய்யும் வண்டி ஓடவேண்டிய அளவுக்கு ஓடவில்லை. பற்றாக்குறை 30 முதல் 100 சதவீதம் வரை. 100 சதவீதம் என்றால் ஓடவே இல்லை என்று பொருள்.

பணக்கதை இன்னும் வருத்தம் தருவது. பாதுகாப்புக்கென்று 2017-18ல் ஐந்தாண்டுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாயில் தனி நிதியம் தொடங்கினார்கள். அதில் ரயில்வே தன் சொந்த வருவாயிலிருந்து ஆண்டுக்கு 5,000 கோடி போட வேண்டும். நான்காண்டில் 20,000 கோடி வந்திருக்க வேண்டிய இடத்தில் 15,775 கோடி குறைந்தது. சம்பாதிக்கும் நூறு ரூபாயில் 98 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போகும் அமைப்பில் வேறு என்ன நடக்கும்?

இந்த அறிக்கை 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்குப் போனது. அடுத்த ஆறு மாதத்தில் பாலசோர். தணிக்கை நடந்து முடிந்ததைச் சொல்லும். நாளைக்கு இந்தப் பாதையில் வேகத்தைக் குறை என்று உத்தரவு போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அப்புறம், 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட்டை 2017ல் பொது பட்ஜெட்டோடு சேர்த்ததில், ஆண்டுக்கு ஒருமுறை ரயில்வேயை மட்டும் எடுத்து வைத்துப் பேசிய நாளும் போய்விட்டது.

நிலாவாசகி எழுதியது:

கடலூர் செம்மங்குப்பம் பற்றி யாரும் எழுதவில்லையே. 2025 ஜூலை 8, பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். கேட் கீப்பர் மீது நடவடிக்கை எடுத்தார்கள், அது சட்டப்படி நடக்கட்டும். ஆனால் அந்த கேட்டில் இன்டர்லாக்கிங் இல்லை. அதாவது கேட் திறந்திருந்தாலும் சிக்னல் விழும். ஒரு மனிதர் கேட்டை மூடிவிட்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனில் ஒரு எண் சொல்கிறார், அந்த வார்த்தையை நம்பி ரயில் வருகிறது. விபத்துக்குப் பிறகு, இன்டர்லாக்கிங் கட்டாயமாகும் போக்குவரத்து அளவை 20,000 யூனிட்டிலிருந்து 10,000ஆகக் குறைப்பதாக அறிவித்தார்கள். ஜூலை 7 அன்று இதைச் செய்யவிடாமல் தடுத்தது எது? இரண்டு பிள்ளைகளின் தாயாகக் கேட்கிறேன்.

எதிர்க்கேள்வி எழுதியது:

நிலா அக்கா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் சுதந்திரமான ஆணையம் வந்தால் நின்றுவிடும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பிரிட்டனில் தனியார்மயத்தோடு சேர்த்து ஒழுங்குமுறை அதிகாரியையும் வைத்தார்கள். 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் விரிசல் விட்ட தண்டவாளம் உடைந்து நான்கு பேர் இறந்தார்கள். விரிசல் இருப்பது முன்பே தெரிந்திருந்தது. பாதையை வைத்திருந்த ரெயில்டிராக் கம்பெனி அடுத்த ஆண்டே திவால் நிலைக்குப் போய், கடைசியில் அரசுதான் சுமக்க வேண்டி வந்தது. நம் ரயில்வேயை அப்படித் துண்டுபோட இது முதல் படியாக ஆகிவிடக் கூடாது என்பதே என் பயம்.

சட்டப்புத்தகம் எழுதியது:

அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் இரண்டு வேறு விஷயங்களைப் பிரித்துப் பேச வேண்டும் என்கிறேன். கட்டணத்தையும் போட்டியையும் ஒழுங்குபடுத்துவது ஒன்று. ரயில்வே சீர்திருத்தத்தை ஆராய்ந்த பிபேக் தேப்ராய் குழு 2015ல் கேட்டதும், 2017 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துப் பின் செயல்பாட்டுக்கே வராமல் போன ரயில் வளர்ச்சி ஆணையமும் அந்த வகை. அதில் உங்கள் எதிர்ப்போடு நானும் பல இடங்களில் சேர்ந்துகொள்வேன்.

உயிர்ப் பாதுகாப்பைக் கண்காணிப்பது வேறு. அதற்கும் தனியார்மயத்துக்கும் சம்பந்தமே தேவையில்லை. ரயில் பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு 2012 பிப்ரவரியில் இதைத்தான் சொன்னது: விதி போடுவதும், ரயில் ஓட்டுவதும், ஒழுங்கைச் சரிபார்ப்பதும் மூன்றும் ரயில்வே வாரியத்திடமே இருக்கின்றன, ஆகவே வாரியத்துக்கு வெளியே சட்டப்படி அமைந்த ஒரு ரயில்வே பாதுகாப்பு அதிகாரம் வேண்டும். 1905ஆம் ஆண்டு வாரியச் சட்டத்தை ரயில்வே சட்டத்தோடு இணைத்து 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்றியபோது இதைச் செய்ய நல்ல வாய்ப்பு இருந்தது. செய்யவில்லை. எனக்கு அதில் உண்மையான ஆதங்கம்.

பிரிட்டன் உதாரணத்தை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1999ல் லாட்புரோக் குரோவில் 31 பேர் இறந்த விபத்தை விசாரித்த கல்லன் பிரபு, விபத்தை ஆராயத் தனி அமைப்பு வேண்டும் என்றார். 2005ல் அது வந்தது. அங்கே நமக்கு வேண்டிய ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த அமைப்பு பரிந்துரை கொடுத்தால், என்ன செய்யப்பட்டது என்று ஒழுங்குமுறை அலுவலகம் 12 மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அறிக்கையும் பதிலும் இணையத்தில் கிடைக்கும். அமெரிக்காவில் போக்குவரத்துத் துறையிலிருந்து 1975ல் முழுக்கப் பிரிக்கப்பட்ட பாதுகாப்பு வாரியத்தின் பரிந்துரைக்கு, துறையின் செயலர் 90 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தோடு.

நம் ஆணையத்துக்கு 1941லேயே தனி இடம் கொடுத்துவிட்டோம். பதில் வாங்கும் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. ஆணையர்கள் ரயில்வேயின் பொறியாளர் பணிகளிலிருந்தே வருகிறார்கள் என்பதும் குறைதான், ஆனால் அதை இரண்டாவதாக வைப்பேன். பாம்பனில் எழுதியவரும் அப்படி வந்தவர்தானே, எழுதத்தான் செய்தார். பாலசோர் விசாரணையின் சாரமே மாநிலங்களவையில் ஒரு உறுப்பினர் கேட்ட கேள்விக்கு அமைச்சர் தந்த எழுத்துப்பூர்வ பதில் வழியாகத்தான் அதிகாரப்பூர்வமாக நமக்கு வந்தது. யாரும் கேட்காமலிருந்தால்?

பழைய சிக்னல்காரர் எழுதியது:

பதில் சொல்லும் கடமை என்பது சரியான இடம். வேலையில் இருந்தபோது விபத்து அறிக்கைக்குப் பிறகு எங்களுக்கு வருவது சுற்றறிக்கை. எல்லோரும் படித்ததாகக் கையெழுத்து போடுவோம். செய்தோமா என்று கேட்டு யாரும் திரும்பி வருவது அரிது. தேதி போட்டுப் பொதுவில் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தால், மேலே இருப்பவர்களே கீழே வந்து நின்று செய்ய வைப்பார்கள். ஆள் வேண்டும், சாமான் வேண்டும் என்று நாங்கள் கேட்டதும் அப்போது கோப்பில் ஏறும்.

ரயில்கள் மோதாமல் தானாகவே பிரேக் போடும் கவச் கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல கருவி, வேகமாக வரட்டும். ஆனால் 69,000 கிலோமீட்டர் பாதைக்கு அது வந்து சேரக் காலம் பிடிக்கும். தவிர, கவச் இன்டர்லாக்கிங் சொல்வதைத்தான் நம்பும். பாலசோரில் தவறியது அந்த இன்டர்லாக்கிங்தான்.

எதிர்க்கேள்வி எழுதியது:

புதிய ஆணையம் இல்லாமல், இருக்கும் ஆணையத்துக்கே இந்தப் பதில் வாங்கும் உரிமையைக் கொடுத்து, அறிக்கைகளை வெளியிடச் சொன்னால் அதை நான் ஆதரிக்கிறேன். அந்தப் பதில்கள் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கும் போக வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கையில் கடைசிப் பிடி இருக்க வேண்டும் என்பதில் மாறமாட்டேன்.

வைகைப்பயணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு விவரம் மட்டும். ஆணையர் விபத்தை விசாரிக்கும்போது என்னைப் போன்ற பயணி போய்ப் பேச முடியுமா?

பழைய சிக்னல்காரர் எழுதியது:

முடியும். விசாரணை எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வரும். விபத்தைப் பற்றித் தெரிந்த யாரும் நேரில் போய் சாட்சியம் சொல்லலாம், போக முடியாதவர்கள் ஆணையரின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். ரயிலில் இருந்தவர்களின் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. சத்தம் எப்போது கேட்டது, வண்டி குலுங்கியது பிரேக் பிடிக்கும் முன்பா பின்பா என்பதெல்லாம் எங்களுக்குப் பெரிய துப்பு. அறிவிப்பு சிறியதாக, உள்பக்கத்தில் வரும். தெற்கு வட்டம் சம்பந்தப்பட்டது கண்ணில் பட்டால் இந்த இழையிலேயே போடுகிறேன், நீங்களும் போடுங்கள்.